எண்ணெய்த் துளிக்குள் ஒரு நீர்த்துளி

வெண்ணெய் உருக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஓசை நன்கு தெரிந்திருக்கும். தாச்சியில் இட்ட வெண்ணெய் இளகிப் பொன்னிறமாகி வரும் வேளையில் சடசடவென்று ஒரு வெடியோசை எழும். சிறிது நேரம் நீடிக்கும். பின்னர் மெல்ல அடங்கும். ஓசை அடங்கியதும் அன்னையார் தாச்சியை இறக்கிவிடுவார். நெய் பதமாயிற்று என்பதை அறிய அவருக்கு வெப்பமானி வேண்டியதில்லை, செவியே போதும். அவ்வோசை எதனால் எழுகின்றது, ஏன் அடங்குகின்றது என்று நம்மில் எத்தனை பேர் வினவியதுண்டு? நானும் வெகுகாலம் வினவவில்லை. பௌதிகவியலிற் பட்டம் பெற்று, அதனைப் பல ஆண்டுகளாக மாணவருக்குக் கற்பித்து வந்த பின்னர், வான் சாரதி ஒருவரின் கேள்விக்கு நான் கூறிய அரைகுறை விடையால் அவருக்குப் பெருநட்டம் நேர்ந்த பொழுதுதான் அந்தத் தாச்சியின் ஓசை என் நினைவுக்கு வந்தது.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியை இலங்கையில் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். எரிபொருள் நிலையங்களின் முன் வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையாக நின்ற காலம் அது. எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் அவர் சுன்னாகம் சந்தைக்கு மரக்கறி ஏற்றிச் சென்று பிழைப்பவர். ஒருநாட் காலை நான் துவிச்சக்கரவண்டியிற் கல்லூரிக்குப் புறப்பட்டபோது படலையடியில் மறித்தார்.

“மாஸ்ரர், டீசலுக்குள்ளை தண்ணி கலந்து ஓட்டலாமாம், வெளிநாட்டிலை ஓட்டுறாங்களாம். உண்மையோ?”

முதலாம் பாடத்துக்கு மணியடிக்கும் நேரமாகிவிட்டது. “ஓம் தம்பி, அப்பிடி ஒரு முறை இருக்குத்தான். பின்னேரம் வாங்கோ, விளங்கப்படுத்துறன்” என்று கூறிவிட்டு மிதித்தேன். அவர் பின்னேரம் வரவில்லை. முதற் பாதியே போதுமென்று கருதிவிட்டார். பத்து லீற்றர் டீசலுக்கு இரண்டு லீற்றர் கிணற்று நீரும், கலங்கி நிற்கவேண்டுமென்று சிறிது சவர்க்காரத் தூளும் சேர்த்து, கலனை நன்றாகக் குலுக்கித் தாங்கியில் ஊற்றினார். மறுநாள் விடியற்காலை, கத்தரியும் கரட்டுமாக நிறைந்த வான் பாதிவழியில் இருமுறை இருமி நின்றுவிட்டது. மரக்கறி வெயிலில் வாடியது ஒருபுறமிருக்க, எரிபொருட் பம்பியையும் இஞ்செக்டர்களையும் கழற்றித் திருத்த அவர் கொடுத்த பணத்தை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. என்மேல் அவர் ஒரு சொற் குறை கூறவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாயிற்று. அன்று நான் கூறாமல் விட்ட மற்றைப் பாதியை அவரிடம் பின்னர் கூறினேன். வேறு சிலருக்கும் பயன்படக்கூடுமென்று இங்கே சற்று விரிவாக எழுதுகின்றேன்.

முதலில் அவருடைய தாங்கியில் நிகழ்ந்தது யாது என்று பார்ப்போம். நீரின் அடர்த்தியை 1 எனக் கொண்டால் டீசலின் அடர்த்தி ஏறத்தாழ 0.82 முதல் 0.86 வரை. ஆகவே கலந்த நீர் விரைவில் அடியில் தங்கிவிடும். எரிபொருளை உறிஞ்சும் குழாயும் தாங்கியின் அடியிலேதான் இருக்கின்றது. பம்பிக்குள் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி இயங்கும் உறுப்புகளுக்கு இடையிலான வெளி சில மைக்கிரோன் மாத்திரமே. ஒரு மைக்கிரோன் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வுறுப்புகளுக்கு வேறு எண்ணெய் இடுவார் இல்லை. ஊடாகப் பாயும் டீசலே அவற்றுக்கு மசகு. அவ்விடத்தில் தனி நீர் புகுந்தால் உலோகத்தோடு உலோகம் உராய்ந்து தேயும். பின்னர் துருவும் ஏறும். சவர்க்காரம் சேர்த்தமையாவது உதவியிருக்காதா எனில், அது கேட்டை அதிகரித்ததேயன்றிக் குறைக்கவில்லை. அதற்குரிய காரணத்தை அறிய நாம் மீண்டும் பாலுக்கும் வெண்ணெய்க்கும் செல்லவேண்டும்.

எண்ணெயும் நீரும் தாமாகக் கலவா. ஆயினும் ஒன்றை நுண்துளிகளாக்கி மற்றதனுள் மிதக்கவிடலாம். இத்தகைய கலவைக்குப் பால்மம் என்று பெயர். அது இருவகைப்படும். பாலில் நீரே வெளியே. கொழுப்புத் துளிகள் அதனுள் மிதக்கின்றன. வெண்ணெயிலோ நிலைமை தலைகீழ்: கொழுப்பே வெளியே; நூற்றுக்கு 16 பங்களவான நீர் அதனுள் நுண்துளிகளாகச் சிறைப்பட்டிருக்கின்றது. தயிரைக் கடைகின்ற மத்து செய்யும் வேலை, உள்ளும் புறமும் மாறச் செய்வதேயாகும். இரு திரவங்களுக்கும் இடையே நின்று அவற்றைச் சமாதானமாக வைத்திருக்கும் பொருளைப் பால்மமாக்கி என்போம். அப்பொருள் எந்தத் திரவத்தில் நன்றாகக் கரைகின்றதோ அத்திரவமே வெளிப்புறமாக அமையும் என்பதை அமெரிக்க இரசாயன அறிஞர் வைல்டர் பான்குரொவ்ற் 1913இல் எடுத்துக்காட்டினார். சவர்க்காரம் நீரை நாடும் பொருள். ஆதலால் அது நீரை வெளியே நிறுத்தி எண்ணெயை உள்ளே அடைக்கவே முயலும். எண்ணெய்க் கறை படிந்த கையைக் கழுவுவதற்கு அதுதான் வேண்டும். எஞ்சினுக்கோ நேர்மாறானது வேண்டும். எண்ணெய் வெளியே இருந்தாற்றான் பம்பிக்கு மசகு கிடைக்கும். இதற்கென எண்ணெயை நாடும் பால்மமாக்கிகள் உண்டு. 1949இல் வில்லியம் கிரிபின் என்பார் இப்பொருள்களை நீர்நாட்டம், எண்ணெய்நாட்டம் ஆகியவற்றின்படி வரிசைப்படுத்தி எண் கொடுக்கும் முறையொன்றை வகுத்தார். அவ்வரிசையில் ஏறத்தாழ 3 முதல் 6 வரையுள்ளவையே எண்ணெய்க்குள் நீரை அடைக்கத் தக்கவை. கடையில் வாங்கும் சவர்க்காரத் தூள் அவ்வெல்லைக்குள் வருவதன்று.

இனி, உரிய முறையிற் செய்த பால்மம் ஒன்றின் ஒரு துளியை மாத்திரம் எடுத்துச் சுவாலைக்குள் விடுவோம். துளியின் குறுக்களவு 100 மைக்கிரோன் எனக் கொள்க. நம் தலைமயிரின் தடிப்பளவு. அதனுள்ளே ஒன்றிரண்டு மைக்கிரோன் அளவான நீர்த்துளிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சுற்றிலும் நெருப்பு. எண்ணெய் சூடேறுகின்றது. 100 பாகை செல்சியஸ் வந்ததும் நீர் கொதிக்கவேண்டுமல்லவா? அதுதானே நாம் ஏழாம் வகுப்பிற் படித்தது? ஆனால் நீர் கொதிப்பதில்லை. 150 பாகையைக் கடந்தும் கொதிப்பதில்லை. 200 பாகையைக் கடந்தும் அது வாளா இருக்கக்கூடும்.

இவ்விடந்தான் இப்பொருளின் உயிர்நிலை; ஆகவே சிறிது நின்று செல்வோம். கொதித்தல் என்பது திரவத்தின் உள்ளே ஆவிக் குமிழி பிறத்தல். குமிழி பிறக்கும் கணத்தில் அது மிகமிகச் சிறியது. திரவத்தின் பரப்பிழுவிசை அதனை நாற்புறமும் இறுக்கி நசுக்கப் பார்க்கும். குமிழி எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்கு நசுக்கும் அமுக்கம் பெரிது. ஒரு மைக்கிரோனின் பத்தில் ஒரு பங்கு ஆரையுள்ள குமிழி ஒன்று 100 பாகை நீரில் உயிர்தப்ப வேண்டுமாயின், வளிமண்டல அமுக்கத்தைப் போற் பத்து மடங்குக்கும் மேலான அமுக்கத்தை எதிர்த்து நிற்கவேண்டும். அதனால் குமிழிகள் பிறக்குமுன்னரே மடிகின்றன. அப்படியாயின் நம் கேத்திலில் மட்டும் நீர் 100 பாகையில் எவ்வாறு கொதிக்கின்றது? கேத்திலின் அடியில் கீறல்களும் பள்ளங்களும் அவற்றில் ஒளிந்திருக்கும் காற்றும் உண்டு. குமிழிகள் பிறப்பதற்கு அவை ஆயத்தமான தொட்டில்கள். எண்ணெயின் நடுவே மிதக்கும் நீர்த்துளிக்கு அத்தகைய தொட்டில் இல்லை. அதனைச் சூழ்ந்திருக்கும் சுவர் மற்றொரு திரவம்; கீறலற்ற வழவழப்பான சுவர். ஆதலால் நீர் தன் கொதிநிலையை மறந்து திரவமாகவே சூடேறிச் செல்கின்றது. இதனை மிகைவெப்ப நிலை என்பர். இந்நிலைக்கும் ஓர் எல்லை உண்டு. 1972இல் றொபேட் அப்பெல் என்ற ஆய்வாளர், வேறொரு திரவத்தினுள் மிதக்கவிட்ட சிறு நீர்த்துளியை வளிமண்டல அமுக்கத்திலேயே 279.5 பாகை வரை கொதிக்காமற் கொண்டுசென்று காட்டினார்.

அவ்வெல்லையை அடைந்த நீரின் கோபத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 280 பாகையில் நீராவியின் நிரம்பலமுக்கம் வளிமண்டலத்தைப் போற் சுமார் 63 மடங்கு. முதற் குமிழி பிறந்ததும் அதனைத் தடுப்பார் எவருமில்லை. நீரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டது, தன்னிடம் ஏற்கெனவே சேர்ந்துள்ள வெப்பத்தைக் கொண்டே, புற உதவியின்றி உடனே ஆவியாகும். திரவ நீர் 100 பாகையிலுள்ள ஆவியானால் கனவளவு ஏறத்தாழ 1,600 மடங்கு பெருகும். இவ்வளவும் தலைமயிர்த் தடிப்பேயுள்ள ஓர் எண்ணெய்த் துளியின் வயிற்றுக்குள் நிகழ்கின்றது. எண்ணெய் என்ன செய்யும்? சிதறித் தூள் தூளாகின்றது. இதற்கே நுண்வெடிப்பு என்று பெயர். எரிதல் அன்று இது, நீர் எரியவில்லை. ஆவியின் அமுக்கத்தால் துளி கிழிபடுகின்றது, அவ்வளவே.

கிழிவதால் வரும் இலாபம் யாது? எண்ணெய் எரிவது அதன் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவியே. 100 மைக்கிரோன் துளியொன்று 10 மைக்கிரோன் அளவான ஆயிரம் துளிகளாகப் பிரிந்தால், எண்ணெயின் அளவு மாறாமலே மேற்பரப்பு பத்து மடங்காகும். மேலும், ஒரு துளி எரிந்து முடிவதற்கான நேரம் அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி அமையும் என்பது 1950கள் தொட்டு நன்கறிந்த விதி. விட்டம் பத்தில் ஒன்றானால் நேரம் நூறில் ஒன்று. கணக்கை எழுதிக்காட்டியபோது என் மாணவன் ஒருவன், “அப்பிடியெண்டால் எல்லா எஞ்சினுக்கும் இதைத்தானே சேர் விடவேணும்?” என்றான். நல்ல கேள்வி. இது தாளில் எழுதிய கணக்கு. உண்மையில் எல்லாத் துளிகளும் இவ்வளவு ஒழுங்காக ஆயிரமாகப் பிரிவதில்லை.

சில துளிகள் முழுதாக வெடிப்பதில்லை. ஓரிடத்தில் மட்டும் உப்பி, ஆவியைச் சீறிக் கக்கிவிட்டு, மீண்டும் உருண்டையாகி எரிகின்றன. பொரியும் பூரி ஓரிடத்தில் ஓட்டையாகி ஆவி விடுவதைப் போல. உள்ளேயுள்ள நீர்த்துளிகளும் சும்மா இருப்பதில்லை. சூட்டினால் எண்ணெய் இளக, அவை ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து பெருந்துளிகளாகின்றன. இவ்வாறு நன்றாகச் சேர்ந்த பின் வெடிக்கும் துளியே பலமாக வெடிப்பதைப் பல சோதனைகள் காட்டியுள்ளன. எரிபொருளின் இயல்பும் இங்கே தீர்ப்புக் கூறுகின்றது. பெற்றோல் போன்ற இலேசான எண்ணெய் குறைந்த வெப்பநிலையிலேயே ஆவியாகிவிடுவதால், துளியின் சூடு நீரின் மிகைவெப்ப எல்லைவரை ஏறுவதேயில்லை, வெடிப்பும் இல்லை. கொதிநிலை 300 பாகையை ஒட்டியும் கடந்தும் நிற்கும் கனத்த எண்ணெய்களே இதற்கு ஏற்றவை. சுற்றுப்புற அமுக்கம் உயர்ந்தால் எண்ணெயின் கொதிநிலை விரைவாக உயரும். நீரின் மிகைவெப்ப எல்லை அவ்வளவு உயராது. ஆகவே மிதமாக உயரும் அமுக்கம் வெடிப்புக்குத் துணை என்று சுங் கிங் லோ என்ற அறிஞர் 1977இல் கணித்துக் கூறினார்.

இவற்றையெல்லாம் எவ்வாறு கண்டறிந்தார்கள் என்பதும் சுவையானதே. நுண்ணிய படிகக்கல் இழையொன்றின் நுனியிலே துளியைத் தொங்கவிட்டு, சூடான காற்றுக்குள் நுழைத்து, விரைவுப் படக்கருவியால் படம்பிடிப்பது ஒருமுறை. ஆனால் அந்த இழையே குமிழி பிறக்கத் தொட்டிலாகிவிடும் இடர்ப்பாடு உண்டு. அளக்கப்போன கோல் அளக்கப்படும் பொருளைத் தொட்டுக் கலைத்துவிடுகின்றது. ஆதலாற் சிலர் தொங்கவிடாமல் சூளைக்குள் விழவிட்டுப் பார்த்தனர். வேறு சிலர் காய்ந்த உலோகத் தட்டின்மேல் இட்டனர். தட்டு போதிய சூடாயிருந்தால் துளி தன் ஆவி மெத்தையின்மேலே மிதந்து தட்டைத் தொடாமல் நிற்கும். தோசைக்கல்லில் தெளித்த நீர் முத்துமுத்தாக ஓடுவதைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. இதனை 1756இல் விவரித்த ஜேர்மானிய மருத்துவர் லைடன்புரொஸ்றின் பெயரால் இன்றும் இது வழங்குகின்றது.

எஞ்சினுக்குள் நீரை விடும் எண்ணம் புதியதன்று. கேம்பிறிட்ஜைச் சேர்ந்த பேட்றம் ஹொப்கின்சன் 1913இலேயே உருளைக்குள் நீரைப் பீச்சிக் குளிர்விக்கும் முறையை விளக்கினார். ஆயினும் எண்ணெய்த் துளி உள்ளிருந்து வெடிப்பதைத் தெளிவாக எடுத்துரைத்தவர்கள் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் இவானோவ், நெபெடோவ் என்ற இருவர். அவர்களுடைய ஆய்வு 1962இல் வெளிவந்தது. 1965இல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டது. இரு வல்லரசுகளும் விண்வெளியில் முட்டிமோதிய நாள்களில் இந்தச் சிறு துளி எல்லை கடந்து சென்றமை எனக்கு மகிழ்ச்சி தருவது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் பிரெடரிக் டிரையர் முதலியோர் இதனை மீண்டும் எடுத்து ஆராய்ந்தனர்.

இனிச் சாரதி கேட்ட கேள்விக்கு வருவோம்: மிச்சம் பிடிக்கலாமா? ஒரு கிலோகிராம் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 43,000 கிலோயூல் வெப்பம் கிடைக்கும். அதனோடு 100 கிராம் நீர் சேர்ந்தால், அந்நீரை 30 பாகையிலிருந்து சூடாக்கி ஆவியாக்கச் சுமார் 255 கிலோயூல் செலவு. இது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு, பெரிய இழப்பன்று. ஆனால் பெரிய ஆதாயமும் இல்லை. நல்ல நிலையிலுள்ள டீசல் எஞ்சினில் எரிபொருளில் நூற்றுக்கு 98 பங்கு ஏற்கெனவே எரிந்துவிடுகின்றது. மிச்சம்பிடிக்க எஞ்சியிருப்பது எவ்வளவு? பத்து லீற்றர் பால்மத்தில் ஒன்றரை லீற்றர் நீராயின், எரிவது எட்டரை லீற்றர் டீசல் மாத்திரமே. மேடு ஏறும்போது வான் அதனைச் சொல்லிவிடும். போதாததற்கு, வான் எஞ்சினில் பீச்சப்படும் துளிகள் மிகச் சிறியவை, அவற்றின் ஆயுளோ ஒரு செக்கனின் ஆயிரத்தில் சில பங்கு. அங்கே நுண்வெடிப்பு எவ்வளவுக்கு நிகழ்கின்றது என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு.

அப்படியாயின் வெளிநாட்டில் ஏன் இதனைக் கையாளுகின்றார்கள்? காற்றைக் காப்பதற்காக. நீர் சுவாலையின் உச்சச் சூட்டைத் தணிக்கின்றது. காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் கூடி நச்சு ஒட்சைட்டுகளாவது அந்த உச்சச் சூட்டிலேதான். சூடு தணிந்தால் அவையும் குறையும். புகைக்கரியும் குறைகின்றது. பெருங்கப்பல்களின் எஞ்சின்களிலும், தார்போற் கனத்த எண்ணெயை எரிக்கும் கொதிகலன்களிலும் இம்முறை பயன்பட்டுள்ளது. அங்கெல்லாம் பால்மமாக்கியின் அளவும் துளியின் அளவும் கருவிகளால் கட்டுப்படுத்தப்படுகின்றன; கலனைக் கையாற் குலுக்குவதோடு முடிவதன்று.

நீரே எரிபொருளாகும் என்று கூறுவோர் கதை வேறு. நீர் என்பது ஐதரசன் எரிந்து முடிந்தபின் எஞ்சும் சாம்பல். சாம்பலை மீண்டும் எரிப்பார் உண்டோ? 1996இல் தமிழ்நாட்டில் மூலிகையும் நீரும் சேர்த்துப் பெற்றோல் செய்வதாக ஒருவர் கூறியபோது படித்தவர்களே பலர் நம்பினர்; 2016இல் சென்னை நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனத் தீர்த்தது.

வீட்டார்க்கு ஒன்று கூறவேண்டும். இதனை நான் சிறுவர்களுக்கும் வற்புறுத்திச் சொல்வதுண்டு. தாச்சியில் எண்ணெய் தீப்பற்றினால் நீரை ஊற்றவே கூடாது. எண்ணெயினும் கனத்த நீர் அடிக்குச் செல்லும். அங்குள்ள எண்ணெயின் சூடு 300 பாகையை ஒட்டியிருக்கும். ஒரு தேக்கரண்டி நீர் எட்டு லீற்றருக்கு மேற்பட்ட ஆவியாகி, எரியும் எண்ணெயை முகட்டளவு தூக்கி எறியும். துளிக்குள் நிகழ்ந்தால் நுண்வெடிப்பு. அடுப்பில் நிகழ்ந்தால் வீடு எரியும். அடுப்பை நிறுத்தி, பொருத்தமான மூடியால் தாச்சியை மூடி, ஆறும்வரை திறவாமல் விடுவதே வழி.

சாரதியைப் பின்னர் ஒருநாள் வீட்டுக்கு அழைத்து வெண்ணெய் உருக்கிக் காட்டினேன். சடசடப்பைக் கேட்டு நின்றவர், அது அடங்கியதும், “தண்ணி முடிஞ்சுது போலை” என்றார். சில வாரங்களின் பின் ஒரு சிறு கண்ணாடிப் போத்தலைக் கொண்டுவந்து தந்தார். தம் வானின் எரிபொருள் வடியின் அடித்திருகாணியைத் திறந்து அவர் வடித்தெடுத்தது. அடியில் விரலளவு நீர், மேலே டீசல், இடையே கோடு கீறினாற்போன்ற எல்லை. அது இப்போது கல்லூரி ஆய்வுகூட அலுமாரியில் இருக்கின்றது. மாணவர்கள் அதனைக் குலுக்கி வைத்துவிட்டு, எவ்வளவு நேரத்தில் இரண்டாகப் பிரிகின்றது என்று கடிகாரம் பார்க்கின்றார்கள்.